எந்நேரமும் பீளை தள்ளும் கண் எப்படி ‘வறண்ட கண்’ ஆகும்? இதற்குச் சோதனை உண்டா?

கொழிஞ்சாம்பாறை களத்துக்காரன்:

வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இருப்பது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். தென்னந்தோப்பும் சின்னதாக ஒரு கொப்பரைக் களமும் உண்டு.

எங்கள் நாய் கருப்பட்டி. காக்கர் ஸ்பானியல், ஆண், ஏழு வயது முடியப் போகிறது. நிறத்தைப் பார்த்து என் மகள் வைத்த பெயர். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வந்தவன். விடிகாலை ஐந்து மணிக்கு நான் தோப்புக்குப் போனால் எனக்கு முன்னால் நடப்பான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவனுக்கு இடது கண்ணில் பீளை கட்ட ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும்தான். துடைத்துவிட்டால் சாயங்காலம் வரை சுத்தமாக இருக்கும். எங்கள் பக்கம் கார்த்திகை பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். ஈரமே இல்லாத காற்று. நம் உதடே வெடிக்கும். களத்தில் மட்டைத் தூசி வேறு. அதுதான் கண்ணை உறுத்துகிறது என்று நினைத்து இளநீரில் கழுவினேன். பக்கத்து வீட்டு அத்தை நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி இரண்டு சொட்டு விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழியில் பீளை மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டிப்பட்டு, துடைத்தால் நூல் மாதிரி இழுபட்டது. டாக்டரிடம் கொண்டுபோனேன். அக்கறையாகத்தான் பார்த்தார். கண்ணில் கிருமி என்று சொல்லி ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதினார். ஒரு நாளைக்கு நான்கு முறை, ஏழு நாள். மூன்றாம் நாளே கண் தெளிந்தது. மருந்தை நிறுத்தி நான்கு நாள் ஆனதும் பழையபடி பீளை. இப்படியே மூன்று தடவை. கடைசித் தடவை மருந்தை மாற்றிக் கொடுத்தார், அப்போதும் அதே கதைதான்.

பொங்கல் கழிந்த பிறகு மூக்கோரத்துக் கண்முனையிலிருந்து கருவிழி மேல் பழுப்பாக ஒரு படலம் ஏறுகிறது. பால் சொசைட்டியில் ஒருவர் பார்த்துவிட்டு, “பூ விழுந்துருச்சு, இனி அந்தக் கண்ணு அவ்வளவுதான்” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நேற்றுத் தோப்பில் இடது பக்கம் கிடந்த மட்டைக் குவியலில் போய் இடித்துக்கொண்டான். அந்தத் தோப்பில் அவனுக்குத் தெரியாத இடமே இல்லை.

போன வாரம் பொள்ளாச்சி நண்பர் ஒருவர் போட்டோவைப் பார்த்து, “இது வறண்ட கண் நோய் மாதிரி இருக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. எந்நேரமும் ஈரமாக, முடியெல்லாம் ஒட்டிக் கிடக்கிற கண் எப்படி வறண்ட கண் ஆகும்? அப்படியே இருந்தாலும், அதை உறுதியாகக் கண்டுபிடிக்க ஏதாவது சோதனை இருக்கிறதா, இல்லை, பார்த்த பார்வையில் சொல்வதுதானா? மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். போவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பம் திராட்சைத் தோட்டம்:

தம்பி, மருந்து விட்டால் தெளிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் பஞ்சு ஞாபகம்தான் வந்தது. ஷிட்ஸு, பெண். அவளுக்கும் இப்படியே ஐந்து மாதம் ஓடிப்போனது.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. அதில் தண்ணீர் இருக்கிறது, மேலே மெல்லிய எண்ணெய் இருக்கிறது, கண்ணோடு ஒட்டிக்கொள்ளச் சளி மாதிரி ஒரு வழவழப்பும் இருக்கிறது. இந்த நோயில் குறைவது தண்ணீர். சுரப்பி தண்ணீரைச் சுரக்காமல் விட்டுவிடும், வழவழப்பு மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். கஞ்சியில் தண்ணீர் வற்றினால் பசைதானே மிஞ்சும்? நீங்கள் துடைத்தெடுக்கிற கயிறு மாதிரிப் பீளை அந்தப் பசைதான். கண்ணைக் கழுவ ஆளில்லை என்றால் கிருமியும் வந்து உட்காரும். அதனால்தான் ஆன்டிபயாடிக் கொஞ்ச நாள் கேட்கிற மாதிரி இருக்கிறது. கிருமி குறையும், சொட்டு மருந்தின் ஈரமும் கண்ணுக்கு இதமாக இருக்கும். வறட்சி அப்படியே இருக்கும்.

சோதனை உண்டு. பார்த்த பார்வையில் சொல்வது இல்லை. அதன் பெயர் ஷிர்மர் சோதனை. ஒரு தாள் பட்டை, அரை விரல் அகலம்கூட இருக்காது, மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். முனையில் ஒரு வெட்டு இருக்கும், அந்த இடத்தில் மடித்துக் கீழ் இமைக்கு உள்ளே சொருகுவார்கள். நட்ட நடுவில் வைக்க மாட்டார்கள், கொஞ்சம் காதுப் பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். சரியாக ஒரு நிமிடம். தாள் கண்ணீரை உறிஞ்சி, ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. பஞ்சு தலையை ஒரு தடவை உதறினாள், பிறகு என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தாளில் நீலச் சாயம் இருந்தது, ஈரம் ஏற ஏற நீலமும் கூடவே ஏறும். நான் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 3-ல் நின்றுவிட்டது. ஐந்து மாதமாகத் தெரியாதது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

போகிற அன்று காலையில் கண்ணில் எந்தச் சொட்டும் விடாதீர்கள். தண்ணீர் விட்டும் கழுவாதீர்கள். எது விட்டாலும் தாள் அதையும் சேர்த்து உறிஞ்சி, கண்ணீர் இருக்கிற மாதிரிக் காட்டிவிடும். இமைக்கு வெளியே ஒட்டியிருக்கிற பீளையை உலர்ந்த பஞ்சால் எடுத்துவிடுங்கள், போதும். கிளம்புவதற்கு முன் போன் செய்து, “ஷிர்மர் பட்டை இருக்கிறதா?” என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. வீட்டில் மை ஒற்றுத்தாளைக் கத்தரித்து வைத்துப் பார்க்காதீர்கள். அந்தத் தாள் உறிஞ்சுவது வேறு, கணக்கும் வேறு, கருவிழியில் கீறல் விழுந்தாலும் விழும்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்க்கலாம். டியூப்லைட்டுக்கு நேராக அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பாருங்கள். நல்ல கண்ணில் அந்த லைட் கண்ணாடியில் தெரிவது போல நேராக, பளிச்சென்று தெரியும். வறண்ட கண்ணில் உடைந்து, மங்கிப்போய்த் தெரியும். இது சோதனைக்குப் பதில் ஆகாது தம்பி. ஆனால் பஞ்சுவுக்கு நான் முதலிலேயே இதைப் பார்த்திருந்தால் ஐந்து மாதம் போயிருக்காது.

கூடலூர் கால்நடை மருத்துவர்:

மேலே அக்கா எழுதியது சரி. மருத்துவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். போட்டோவை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, ஆனால் நீங்கள் சொல்கிற போக்கைப் பார்த்தால் ஷிர்மர் சோதனை செய்யாமல் அடுத்த மருந்துக்குப் போகக்கூடாது.

ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1903-ல் மனிதர்களுக்காகக் கொண்டுவந்த சோதனை இது. இன்றைக்கும் நாய்க் கண்ணில் முதல் சோதனை இதுதான். நாய்க்கு ஒரு நிமிடத்தில் 15 மி.மீ.க்கு மேல் ஏற வேண்டும். 10-க்கும் 15-க்கும் நடுவில் இருந்தால் சந்தேகம், ஆரம்ப நிலையாக இருக்கலாம். 10-க்குக் கீழே, கண்ணிலும் இந்தக் கோளாறுகள் தெரிந்தால், வறண்ட கண் நோய்தான். 5-க்குக் கீழே கடுமையானது. எண்ணை மட்டும் தனியாகப் பார்க்கக்கூடாது. மயக்க மருந்து கொடுத்து எழுந்த நாய்க்குக் கண்ணீர் தற்காலிகமாகக் குறையும். கண்பாவையை விரிக்கிற அட்ரோபின் சொட்டு விட்டாலும் குறையும். கருவிழியில் புண் இருந்தால் இதற்கு நேர்மாறு. வலியால் கண் நீரைக் கொட்டும். அப்படி வலிக்கிற கண்ணில் 14 வந்தால் அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருக்க மாட்டேன், அந்த வலிக்கு அது 20-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதனால் இரண்டு கண்ணிலும் சோதித்து ஒப்பிட வேண்டும். ஒரு கண்தான் கெட்டிருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் ஷிர்மர் பட்டை, அப்புறம்தான் மற்றதெல்லாம். அடுத்தது ஃப்ளூரசின் என்ற ஆரஞ்சுச் சாயம். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு, நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். அதே சாயத்தை வைத்து, நாய் இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் பார்க்கலாம். நல்ல கண்ணில் 20 நொடி அளவுக்குத் தாங்கும். சில நாய்களுக்குத் தண்ணீர் போதுமான அளவு இருக்கும், வழவழப்போ எண்ணெயோ சரியில்லாததால் படலம் உடனே உடையும். ஷிர்மரில் அது தெரியாது. கடைசியாகக் கண் அழுத்தம். சிவந்த கண் என்றால் கண் அழுத்தம் கூடுகிற கிளாக்கோமா நோயும் இருக்கலாம், காக்கருக்கு அதுவும் வரும் இனம்.

உங்களைக் கெஞ்சிக் கேட்பது ஒன்று. வீட்டில் பழைய ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு இருந்தால் தூக்கி எறியுங்கள். சிவப்பு உடனே வடியும், அதனால் பலரும் அதையே விடுகிறார்கள். சாயம் போட்டுப் பார்த்துப் புண் இல்லை என்று தெரியாமல் அதை விட்டால், இருக்கிற சின்னப் புண் கரைந்து ஆழமாகிக் கண்ணே போய்விடும். அப்படிப் போன கண்களை நான் பார்த்திருக்கிறேன்.

காரணத்துக்கு வருவோம். பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. காக்கர், ஷிட்ஸு, பக், புல்டாக், லாசா ஆப்ஸோ இனங்களில் அதிகம். வேறு காரணங்களும் உண்டு. சல்ஃபா என்ற வகைக் கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்த நாய்களுக்கு வரலாம், அதனால் இவன் இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். நாய்க்கு மூக்கோரத்துக் கண்முனையில் மூன்றாவதாக ஓர் இமை உண்டு. அதன் சுரப்பி சில நாய்களுக்கு வெளியே பிதுங்கிச் செர்ரிப் பழம் மாதிரி நிற்கும், அதை வெட்டி எடுத்துவிட்ட நாய்களுக்குப் பல வருடம் கழித்தும் வரும். கண்ணீரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அந்தச் சுரப்பி தருவது, வெட்டாமல் உள்ளே தைத்துவைக்க வேண்டியது. தைராய்டு குறைவு, நீரிழிவு இருக்கிறதா என்று ரத்தத்திலும் பார்ப்பார்கள்.

இன்றைக்கே ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: கருப்பட்டியின் மூக்கு இடது பக்கம் மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறதா? கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பு கெட்டால் அதே பக்கத்து மூக்கும் காயும். அதற்கு வைத்தியம் வேறு.

கொழிஞ்சாம்பாறை களத்துக்காரன்:

அக்கா, டாக்டர், இரண்டு பேருக்கும் நன்றி. மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஈரமாகவே இருக்கிறது. டியூப்லைட்டும் பார்த்தேன். இடது கண்ணில் லைட் இருக்கிற இடமே சரியாகத் தெரியவில்லை. வலது கண்ணில் தெரிகிறது, ஆனால் ஓரம் நெளிந்து தெரிகிறது. என் கண்தான் சரியில்லையோ என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் அதையே சொன்னாள். வியாழக்கிழமை மண்ணுத்தி போகிறோம்.

நகரி விசைத்தறி:

தம்பிக்கு வணக்கம். நான் ஆந்திரப் பக்கம், நகரியில் தறி ஓட்டுகிறேன். எங்களுடையது சாதாரண நாட்டு நாய், பெயர் ராமு. டாக்டர் சொன்ன காரணங்களோடு எங்கள் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் யாராவது தேடி வந்து படிப்பார்கள்.

ராமுவுக்கு நான்கு மாதத்தில் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் வந்தது. காய்ச்சல், மூக்கில் சளி, கழிச்சல். பிழைக்க மாட்டான் என்றார்கள், பிழைத்துக்கொண்டான். உடம்பு தேறியும் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டே இருந்தது. நீங்கள் களத்துத் தூசி என்று நினைத்தீர்கள், நான் தறிப் பஞ்சு என்று நினைத்தேன். ராமுவைத் தறிக்கூடத்தை விட்டு வெளியே கட்டிப்போட்டேன். பாவம், அவன் தனியாகக் கிடந்து அழுததுதான் மிச்சம். கண் மாறவில்லை.

பிறகு திருப்பதிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். தாள் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று 6, ஒன்று 7. டிஸ்டம்பர் வைரஸ் கண்ணீர்ச் சுரப்பியையும் கெடுக்கும், சிலதுக்குத் திரும்ப வரும், சிலதுக்கு வராது என்று சொன்னார்கள். செயற்கைக் கண்ணீர் சொட்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட்டோம். தறியை நிறுத்தி நிறுத்தி நானும் வீட்டுக்காரியும் மாற்றி மாற்றி விட்டோம். மூன்று மாதம் கழித்து 13-ம் 14-ம் வந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம்.

குட்டியில் தடுப்பூசி போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. நாட்டு நாய்க்கு எதற்கு ஊசி என்று இருந்துவிட்டேன். அடுத்து வந்த குட்டிக்கு ஆறாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டோம்.

கொழிஞ்சாம்பாறை களத்துக்காரன்:

மண்ணுத்தி போய்வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தேங்காய் வெட்டு நடந்ததால் உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு அந்த மலையில் மணிக்கணக்காக நிற்கிற தொல்லை இல்லை. அக்கா சொன்னபடி கண்ணில் ஒரு சொட்டுகூட விடவில்லை. வழியெல்லாம் பீளையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான், துடைக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. மாத்திரைச் சீட்டெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் பார்த்தார்கள், சல்ஃபா எதுவும் இல்லை.

டாக்டரம்மா முதலில் எடுத்ததே அந்தத் தாளைத்தான். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இடது கண்ணில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இடது 4. “கண்ணீர் தீரெ குறவாணு” (கண்ணீர் ரொம்பவே குறைவு) என்றார். மலையாளத்திலும் அது கண்ணீர்தான், கேட்டதும் நெஞ்சில் இறங்கிவிட்டது.

வலது கண்ணில் லைட் ஓரம் நெளிந்ததைத் தவிர ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருந்தேன். அதில் 9. கூடலூர் டாக்டர், நீங்கள் இரண்டிலும் பார்க்கச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கண்ணில் பீளை ஆரம்பிக்கவே இல்லை. வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே குறைந்துவிட்டிருக்கிறது.

அப்புறம் சாயம் போட்டு, அறையை இருட்டாக்கி நீல விளக்கில் பார்த்தார்கள். பச்சை எங்கும் பிடிக்கவில்லை, புண் இல்லை. அழுத்தமும் சரியாக இருந்தது. ரத்தத்தில் தைராய்டும் சர்க்கரையும் சரி. எதிர்ப்புச் சக்தி சுரப்பியைத் தாக்குவதால் வந்ததாகத்தான் இருக்கும் என்றார். அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பு, இரண்டு கண்ணுக்கும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நடுவில் செயற்கைக் கண்ணீர். இடது கண்ணுக்கு மட்டும் பத்து நாள் ஆன்டிபயாடிக், அது முடிந்துவிட்டது. களிம்பு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பலன் தெரிந்தாலும் நிறுத்தக்கூடாது, வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியிருக்கும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். கருவிழி மேல் ஏறிய பழுப்பைப் பற்றிக் கேட்டேன். இனிமேல் ஏறாமல் தடுக்கலாம், ஏறினது கொஞ்சம் மெலியலாம், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். பார்வை இருக்கிறதா என்று பஞ்சுருண்டையைக் கண் முன்னால் போட்டுப் பார்த்தார்கள். இடது கண்ணும் அதைப் பார்த்துத் திரும்பியது. அது போதும் எனக்கு.

காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக்கொண்டோம். காலையில் பால் ஊற்றப் போவதற்கு முன் நான் போடுகிறேன், மாலையில் மகள் போடுகிறாள். சமையலறைக் காலண்டரில் போட்டதும் டிக் அடிப்பது அவள் வேலை. களிம்பு டியூபைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவன், இந்த வாரம் அவனாகவே வந்து முகத்தை நீட்டுகிறான். கண்ணுக்கு இதமாக இருக்கிறதோ என்னவோ.

பீளை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் நிறுத்தி இன்றைக்கு இரண்டாவது நாள். முன்பெல்லாம் நான்காம் நாள்தான் திரும்பும், அதனால் அந்த நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். ஆறு வாரம் கழித்து மறுபடியும் தாள் வைப்பார்கள். அந்த எண்ணை இங்கே எழுதுகிறேன்.

டியூப்லைட் இடது கண்ணில் இன்னும் உடைந்துதான் தெரிகிறது. ராத்திரி சாப்பிட்டதும் மகளும் நானும் அவனைப் பிடித்து உட்காரவைத்துப் பார்க்கிறோம்.